பெயர் வைத்தவர் ஏறாத கப்பல்கள்

(வெலிமடையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



படகுகளுக்கும் கப்பல்களுக்கும் மனிதர்கள் வைக்கிற பெயர்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அவற்றில் சிரிக்க வைப்பவையும் உண்டு, வருந்த வைப்பவையும் உண்டு. கடலே கண்ணில் படாத வெலிமடையில் இந்தப் பேச்சு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். உமா ஓயாவில் படகு ஓடுவதில்லை. கெப்பெட்டிபொலவில் குவியும் உருளைக்கிழங்கும் கோவாவும் லொறியில் ஏறித்தான் வெளியூர் போகின்றன. ஆனால் ஊவாத் தோட்டங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் கதையைத் தலைமுறை தலைமுறையாகப் பின்னால் கொண்டுபோனால், அது ஏதோ ஒரு தோணியிலோ கப்பலிலோ போய் நிற்கும். முன்னோர் வந்த ஊரை நாம் விசாரிக்கிறோம். கூட்டிவந்த கங்காணியின் பெயரைக்கூடச் சில வீடுகளில் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஏற்றிவந்த கலத்தின் பெயரைக் கேட்பவர்தான் குறைவு. அந்தப் பெயர்களைத் தேடிப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. ஒரு கலத்தின் பெயர் வருந்தத்தக்கதா இல்லையா என்பதை அதன் ஓசையோ அழகோ தீர்மானிப்பதில்லை. பெயர் வைத்தவர் அதில் ஏறிப் போகிறவர்தானா, அப்படி இல்லாவிட்டால் ஏறப்போகிறவரை மனத்தில் வைத்தாவது பெயர் வைத்தாரா என்பதே தீர்மானிக்கிறது. இதுதான் நான் சொல்ல வந்தது. இதற்கான சான்றுகளை உங்கள் முன் வைக்கிறேன். எதிர்த்துக் கேட்கக்கூடிய கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன்.

பெயர் வைப்பவரே ஏறிப் போகும் படகிலிருந்து தொடங்குவோம். மன்னார்ப் பக்கம் பேசாலையிலோ வங்காலையிலோ கரைக்கு இழுத்து விட்டிருக்கும் ஒரு கண்ணாடியிழைப் படகின் முன்பக்கத்தை, மீனவர் அணியம் என்று சொல்லும் அந்த இடத்தை, நின்று கவனித்துப் பாருங்கள். கடற்றொழில் திணைக்களத்தின் பதிவு இலக்கம் ஒன்று இருக்கும். அது அதிகாரிக்காக எழுதியது. அதோடு வீட்டார் வைத்த பெயர் ஒன்றும் இருக்கும். அந்தோனியார், மடு மாதா, வேளாங்கண்ணி மாதா என்று புனிதர்களின் பெயர்கள் அந்தக் கரையில் அதிகம். வடமராட்சிப் பக்கம் போனால் முருகனும் அம்மனும் வருவார்கள். தாயின் பெயர் வரும், பிள்ளையின் பெயர் வரும். தெற்கே சிங்கள மீனவரிடமும் இதே வழக்கம் உண்டு. 2024 சனவரியில் சோமாலியக் கடற்கொள்ளையர் பிடித்துக்கொண்டு போய், பின்னர் சீஷெல்ஸ் படையினர் மீட்ட பலநாள் படகின் பெயர் லொரென்சோ புதா 4. புதா என்றால் சிங்களத்தில் மகன்; பிள்ளைப் பாசத்தைப் பெயராக எழுதிக்கொண்டுதான் அந்தப் படகும் ஆழ்கடலுக்குப் போயிருந்தது. இந்தப் பெயர்களில் புதுமை இல்லை, கற்பனை இல்லை, ஒரே கரையில் பத்து அந்தோனியார் நிற்கிறார் என்று குறை சொல்பவர்கள் உண்டு. புதுமை அவர்களுக்குத் தேவைப்படவில்லை. வெள்ளோட்டத்து அன்று பாதிரியாரோ பூசாரியோ நீர் தெளிக்கும்போது பக்கத்தில் நிற்பவன் மறுநாள் விடிவதற்கு முன் அதே படகில் போகப் போகிறவன். அவன் மனைவியும் அங்கேதான் நிற்கிறாள். திரும்பி வர வேண்டும் என்ற ஒரே வேண்டுதலை அவரவர் தெரிந்த பெயரில் எழுதுகிறார்கள். உயிரைப் பணயம் வைக்கிறவன் வைத்த பெயர் அது. அதில் நாம் வருந்த ஒன்றுமில்லை.

அடுத்தது, சிரிப்பு வரவழைக்கும் பெயர்கள். 2016ஆம் ஆண்டு பிரித்தானியாவில் துருவக் கடலை ஆராயும் புதிய கப்பல் ஒன்றுக்குப் பெயர் சொல்லுமாறு பொதுமக்களைக் கேட்டார்கள். இணையத்தில் வாக்குகள் குவிந்தன. ஒரு இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளோடு முதலிடம் பிடித்தது 'போட்டி மெக்போட்ஃபேஸ்' என்ற குழந்தைத்தனமான கேலிப் பெயர். பொறுப்பானவர்கள் அதை ஏற்கவில்லை. இயற்கை வரலாற்றைத் தொலைக்காட்சியில் எடுத்துச் சொன்ன சேர் டேவிட் அட்டன்பரோவின் பெயரைக் கப்பலுக்கு வைத்தார்கள். மக்கள் தெரிந்தெடுத்த பெயர், அந்தக் கப்பலோடு போகும் ஆளில்லாச் சிறு நீர்மூழ்கிக்குப் போய்ச் சேர்ந்தது. ஆளே ஏறாத ஒரு கருவிக்கு அந்தப் பெயர் மிகவும் பொருந்தியது. துருவக் கடல் ஆராய்ச்சி என்று ஒன்று நடப்பதைப் பள்ளிப் பிள்ளைகள் பலர் அதன் மூலமே அறிந்துகொண்டார்கள். நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. போர் முடிந்த பின் 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே மீண்டும் பயணிகள் கப்பல் விட்டார்கள். அதன் பெயர் ஸ்கோஷியா பிரின்ஸ். அதற்கு முன் அது அமெரிக்காவின் மெயின் மாநிலத்துக்கும் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கும் இடையே நெடுங்காலம் ஓடிய கப்பல். வட அத்திலாந்திக் குளிருக்கு வைத்த பெயரோடு மன்னார் வளைகுடாவில் அது ஓடிற்று. சில மாதங்களில் சேவையும் நின்றுபோயிற்று. இந்தப் பெயர்களால் யாரும் சிறுமைப்படவில்லை. கேட்டதும் ஒரு புன்னகை, அவ்வளவுதான். ஆகவே வேடிக்கையான பெயர்களை விலக்க வேண்டும் என்பது என் வாதமன்று.

வருந்த வேண்டிய பெயர்கள் வேறு வகை. 1564இல் ஜோன் ஹோக்கின்ஸ் என்ற ஆங்கிலேயர் மேற்கு ஆபிரிக்காவில் மனிதர்களைப் பிடித்து அமெரிக்கக் கரைகளில் அடிமைகளாக விற்கப் புறப்பட்டார். அதற்காக அவருக்கு முதலாம் எலிசபெத் அரசி கொடுத்த கப்பலின் பெயர் லூபெக்கின் இயேசு. விலங்கு மாட்டிய மனிதர்களை அடிவயிற்றில் அடைத்துக்கொண்டு அந்தத் திருப்பெயர் கடல் கடந்தது. மன்னாரில் மீனவன் எழுதுவதும் அதே சமயத்தின் பெயர்தான். ஒன்றில் ஏறுகிறவனின் வேண்டுதல் இருக்கிறது. மற்றதில் ஏற்றப்பட்டவனுக்கு அந்தப் பெயரில் ஒரு பங்கும் கிடையாது. இன்னும் அண்மைக்கு வந்தால், 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் சீப்ரூஷ் துறைமுகத்துக்கு வெளியே ஒரு பயணிகள் கப்பல் கவிழ்ந்து 193 பேர் இறந்தார்கள். முன்கதவை மூடாமலே கப்பலை எடுத்ததால் வந்த விபத்து அது. அந்தக் கப்பலின் பெயர் 'ஹெரல்ட் ஒஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்'. கட்டுப்பாடற்ற வணிகத்தின் புகழைக் கடலெல்லாம் பறைசாற்ற வேண்டும் என்று கம்பெனி வைத்த பெயர். பயணம் போகும் தாயும் பிள்ளையும் அந்தப் பெயரை வைத்தவர்களின் எண்ணத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. விபத்துக்குப் பின் அதே வரிசையில் இருந்த மற்றக் கப்பல்களின் பெயர்களைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டார்கள். பெயர் பேசும் என்பது பெயர் வைப்பவருக்கு நன்றாகத் தெரியும் என்பதற்கு அந்த மாற்றமே சான்று.

இனி நம் கப்பல்களுக்கு வருகிறேன். 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் சேவை தொடங்கியது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி அதற்கென்று ஸ்கொட்லாந்தில் கட்டுவித்த மூன்று நீராவிக் கப்பல்களின் பெயர்கள் கர்சன், எல்ஜின், ஹார்டிங். மூவரும் இந்தியாவை ஆண்ட வைசிரோய்கள். பின்னர் வந்த கப்பல்கள் இர்வினும் கோஷனும். இர்வின் 1926 முதல் 1931 வரை வைசிரோய். கோஷன் 1924 முதல் 1929 வரை சென்னை மாகாண ஆளுநர். 1914க்குப் பின் ஊவாவுக்குப் பிழைக்க வந்தவர்களில் பெரும் பகுதியினர் இந்தப் பாதையால் வந்தவர்கள்தாம். மண்டபம் முகாமில் சில நாள் தங்கவைத்து, அம்மை குத்தி, நோய் இல்லை என்று பார்த்து, கப்பலேற்றித் தலைமன்னாரில் இறக்கி, அங்கிருந்து ரயிலில் மலைக்கு அனுப்பினார்கள். அவர்கள் ஊரைவிட்டுப் புறப்படக் காரணமாக இருந்தவற்றில் முதன்மையானது பஞ்சம். எல்ஜின் ஆண்டபோதுதான் 1896-97இன் பெரும் பஞ்சம். கர்சன் ஆண்டபோதுதான் 1899-1900இன் பஞ்சம். பஞ்சத்துக்குத் தப்பி வந்தவனின் பிள்ளைகள், பஞ்ச காலத்தில் ஆண்டவரின் பெயர் எழுதிய கப்பலில் ஏறிக் கடல் கடந்தார்கள். ஹார்டிங்கை அவர்களோடு சேர்த்துப் பேசலாமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1913இல் சென்னையில் அவர் தென்னாபிரிக்க இந்தியத் தொழிலாளருக்காகப் பரிந்து பேசினார். அந்த நன்மையை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கம்பெனி மூன்று பெயர்களையும் ஒரே வரிசையில்தான் வைத்தது. பதவியில் இருப்பவருக்கும் இருந்தவருக்கும் செலுத்திய மரியாதை அது. பயணிக்கு அந்த மனிதர்கள் நல்லது செய்தார்களா கெட்டது செய்தார்களா என்பது கணக்கில் வரவேயில்லை.

இதைவிட நெருக்கமாகக் காட்டக்கூடிய சான்று ஒன்று இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும்போது தகர டிக்கெட் முறை என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சின்னஞ்சிறு தகர வில்லை அது. அதன்மேல் மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் தோட்டத்தைக் குறிக்கும் எண்ணும் அடிக்கப்பட்டிருக்கும். வில்லையைக் கையில் வைத்திருப்பவர் எந்தத் தோட்டத்துக்கு உரிய ஆள் என்பதைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். வழிச்செலவை அந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். அந்தச் செலவு பிறகு கடனாக வந்து யார் தலையில் விழுந்தது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வில்லையில் மனிதரின் பெயர் கிடையாது. பாட்டி முனியம்மாவாக இருந்தாலும் தாத்தா கறுப்பையாவாக இருந்தாலும் தகரத்தில் இருந்தது எழுத்தும் எண்ணும்தான். கப்பலின் பக்கவாட்டிலோ பெரிய எழுத்தில் பிரபுவின் பெயர். இரும்புக்குப் பெயரும் மனிதருக்கு இலக்கமும் கொடுத்த ஏற்பாடு அது. கர்சன், எல்ஜின் என்ற பெயர்களை நான் வருந்தத்தக்கவை என்று சொல்வதற்கு இந்தத் தகர வில்லையே முதல் காரணம். பிரபுவின் பெயரைத் தனியே பார்த்தால் அது வெறும் அரச மரியாதை. வில்லையோடு சேர்த்துப் பார்த்தால், யாரை மனிதராக எண்ணினார்கள், யாரைச் சரக்காக எண்ணினார்கள் என்பது தெரிந்துவிடுகிறது.

நீராவிக் கப்பல்களுக்கு முன்னே கோப்பிக் காலத்தில் வந்தவர்களின் கதை இன்னும் இருட்டானது. தென் தமிழகத்துக் கரைகளில் தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். அந்தத் தோணிகளுக்கும் பெயர்கள் இருந்திருக்கும். அவற்றில் ஒன்று மட்டும் நம் வரலாற்று நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. 1864இல் 120 தொழிலாளரோடு மூழ்கிய ஆதிலட்சுமி. செல்வத்துக்குரிய தெய்வத்தின் பெயரைத் தாங்கிய கலம், செல்வம் இல்லாததால் புறப்பட்டவர்களோடு கடலுக்குள் போயிற்று. அது மூழ்கியதால் பெயர் தெரிந்தது. மூழ்காமல் வந்து சேர்ந்த தோணிகளின் பெயர்களைச் சொல்ல ஆள் இல்லை. மற்ற நாடுகளுக்குப் போன நம்மவர்களோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்துக்கு வந்த ட்ரூரோவின் பெயரைத் தென்னாபிரிக்கத் தமிழர் மறக்கவில்லை. 1845இல் வந்த ஃபட்டேல் ரசாக்கை டிரினிடாட் மக்கள் ஒவ்வோர் ஆண்டும் மே 30 அன்று நினைவுகூர்கிறார்கள். 1879இல் வந்த லியோனிடாஸின் பெயர் பீஜித் தீவின் இந்தியருக்கு மனப்பாடம். அந்தப் பெயர்களையும் வெள்ளைக்காரரோ கப்பல் முதலாளிகளோதான் வைத்தார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் போனவர்களுக்குக் கப்பல் வாரியாகப் பெயர்ப் பதிவேடு இருந்தது. அதைத் தேடியெடுத்த சந்ததியார் அந்தக் கப்பலைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். நமக்கு அப்படியான பதிவேடு வாய்க்கவில்லை. பக்கத்துக் கடல்தானே, கங்காணி கூட்டிவருகிறவர்கள்தானே என்று எழுதாமல் விட்டுவிட்டார்கள். பெயர் தெரியாமல் போனதும் வருந்தத்தக்க பெயரிடலின் ஒரு பகுதிதான்.

இங்கே ஒரு பெரிய மறுப்பு எழும். பசியோடும் பயத்தோடும் வந்தவர்களுக்குக் கப்பலின் பெயரைப் பற்றி என்ன கவலை, எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கு கர்சனும் ஒன்றுதான் இர்வினும் ஒன்றுதான், இன்றைய படித்தவர்தான் இதைப் பெரிதுபடுத்துகிறார் என்று சொல்லக்கூடும். சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. பலகையில் எழுதும் உரிமை இல்லாத மக்கள் வாயால் பெயர் வைத்தார்கள். சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்து கப்பலோடு இணைந்த ரயிலுக்கு ரயில்வே வைத்த பெயர் வேறு. இரு கரையிலும் மக்கள் சொன்னது போட் மெயில். அந்தப் பெயர்தான் நிலைத்தது. 1906இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம்பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, கொழும்புக்கு ஓட்ட வாங்கிய இரண்டு கப்பல்களின் பெயர்கள் காலியா, லாவோ. இரண்டுமே அந்நியப் பெயர்கள். மக்கள் அவற்றைச் சுதேசிக் கப்பல் என்றுதான் சொன்னார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து இழுத்தபோதும் பலரை இந்தக் கப்பல்களின் பக்கம் நிறுத்தியதில் அந்தப் பெயருக்கும் பங்குண்டு. கடைசியாக, நம் வீட்டுச் சான்று. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாக எழுதினார்கள். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் போய்ச் சேர்ந்தார்கள். 1984இல் போரினால் சேவை நிற்கும்வரை அவர்களை இராமேஸ்வரத்துக்குக் கொண்டுசென்ற கப்பல் இராமானுஜம். ஆனால் அந்தப் பயணத்துக்கு மக்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை நிலையங்களில் உறவினர் கட்டிப்பிடித்து அழ, ஜன்னலைவிட்டுக் கை எடுக்க முடியாமல் புறப்பட்ட அந்த ரயிலுக்கு இதைவிட உண்மையான பெயர் வேறு எதுவும் இருக்க முடியாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று நாம் சொன்ன மக்கள் வைத்த பெயர் இது. பெயரைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை என்று இனிச் சொல்ல முடியுமா?

வைத்த பெயரை மாற்றுவதிலும் இதே விதி செயல்படுகிறது. 1930களில் வல்வெட்டித்துறை மேஸ்திரிமார் வேப்ப மரத்தாலும் இலுப்பை மரத்தாலும் கட்டிய பாய்க்கப்பல் அன்னபூரணி அம்மாள். உலகத்தைப் பாய்மரத்தில் சுற்றிவந்த வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கினார். வல்வெட்டித்துறைத் தண்டையல் தம்பிப்பிள்ளையும் ஊர்க் கடலோடிகளும் அதைச் செங்கடல் வழியாக ஓட்டிப்போய், 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அங்கே பதிவான பெயர் ஃப்ளோரன்ஸ் சி. ரொபின்சன். வாங்கியவரின் மனைவியின் பெயர். காசு கொடுத்து வாங்கியவருக்குப் பெயர் மாற்ற உரிமை இல்லையா என்றால், சட்டப்படி உண்டு. மனைவி மீதான அன்பில் பிழையும் இல்லை. ஆனால் கட்டிய கைகளும் ஓட்டிய கைகளும் அந்தப் பெயரில் இல்லை. நம் கடலோடிகளின் திறமைக்கு உலகம் பார்க்கக் கிடைத்த பெரும் சான்றான அந்தக் கப்பல், அமெரிக்கத் துறைமுகத்து ஏட்டில் வேறு ஒருவருடைய குடும்பக் கதையாகிவிட்டது. வல்வெட்டித்துறை அந்தப் பெயரை ஏற்கவில்லை. அங்கே இன்றும் அது அன்னபூரணிதான். ஊர் மறக்காமல் சொல்லிக்கொண்டிருந்ததால்தான் இரண்டு பெயர்களும் இன்று வரலாற்றில் சேர்ந்து நிற்கின்றன.

பெயர் என்ன செய்யும், பலகையும் எஞ்சினும் ஓட்டுகிறவரின் கவனமும்தானே உயிரைக் காக்கின்றன என்று கேட்பவரும் உண்டு. அதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆதிலட்சுமி என்ற பெயர் ஒருவரையும் காப்பாற்றவில்லை. நெடுந்தீவு மக்களின் குமுதினிப் படகு அல்லிப் பூவின் பெயரைத் தாங்கியது. 1985 மே 15 அன்று அந்தப் படகில் குழந்தை உட்படக் குறைந்தது 23 பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நல்ல பெயர் கவசமாகாது. பெயரை நான் ராசிக்காகப் பேசவில்லை. பெயரின் வேலை பயணம் முடிந்த பின் தொடங்குகிறது. நடந்ததை யார் நினைவில் வைத்திருப்பார்கள், யாருடையது என்று சொல்வார்கள் என்பதைப் பெயர் தாங்கிக்கொண்டு போகிறது. குமுதினி என்று சொன்னவுடன் நெடுந்தீவில் மூன்று தலைமுறைக்கும் அந்த நாள் தெரிகிறது, இறந்தவர்கள் தெரிகிறார்கள். தங்கள் பிரயாணத்தோடும் வாழ்வோடும் ஒட்டிய பெயர் என்பதால் அது அவர்களிடம் இருக்கிறது. கர்சன் என்று சொன்னால் ஊவாவில் யாருக்கு எந்த முகம் நினைவுக்கு வருகிறது?

இன்னொரு மறுப்பு நம் காலடியிலிருந்தே வருகிறது. ஆண்டவர்கள் வைத்த பெயர் ஆகாது என்றால் நம் தோட்டங்களின் பெயர்களை என்ன செய்வது? கிளெனனோர், கிரேக், கிளென் அல்பின், ஸ்பிரிங்வெளி, ஹொப்டன் என்று ஊவா முழுவதும் துரைமார் தங்கள் ஊர் நினைவில் வைத்த பெயர்கள்தானே. அவற்றையும் அழிக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டால், இல்லை என்பதுதான் என் பதில். ஒரு தோட்டத்தில் நூற்றைம்பது ஆண்டு பிறந்து, உழைத்து, கோயில் கட்டி, இறந்து, அந்த மண்ணிலேயே புதைந்தவர்கள் அந்தப் பெயரைத் தங்களுடையதாக்கிவிட்டார்கள். நீ எந்தத் தோட்டம் என்று கேட்டால் அவர்கள் சொல்வது தங்கள் ஊரின் பெயரை. ஸ்கொட்லாந்தின் பெயரை அவர்கள் சொல்வதில்லை. ட்ரூரோவைத் தென்னாபிரிக்கத் தமிழர் தங்களுடையதாக்கியதும் இப்படித்தான். வைத்தவர் யார் என்பதில் தொடங்கும் வருத்தத்தை, ஏறியவர்கள் அந்தப் பெயரோடு தங்கள் கதையைச் சேர்த்து எழுதுவதால் தீர்க்க முடியும். அழிப்பதால் தீர்க்க முடியாது. கப்பலின் சங்கடம் என்னவென்றால், அது தோட்டத்தைப் போல ஓரிடத்தில் நிற்பதில்லை. சில மணி நேரம் ஏற்றிவைத்து இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. பழசானால் உடைத்து இரும்பாக விற்றுவிடுகிறார்கள். நாம் எழுதி வைக்காவிட்டால், வைத்தவரின் பெயர் மட்டும் அரசாங்க ஏட்டில் மிஞ்சும். ஏறியவரின் கதை மிஞ்சாது.

காலம் மாறி வருவதற்கும் அடையாளங்கள் இருக்கின்றன. நெடுந்தீவுக்கு 2017இல் ஓடத் தொடங்கிய படகுக்கு நெடுந்தாரகை என்று பெயர். தீவின் பெயரிலிருந்தே கிளைத்த பெயர். ஏறுகிற தீவார் ஒவ்வொருவரும் தங்களுடையது என்று சொல்லக்கூடிய பெயர். நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிய சேவையில் முதலில் வந்தது செரியபாணி. 2024 ஓகஸ்டில் அந்தச் சேவை மீண்டும் தொடங்கியபோது வந்த கப்பலின் பெயர் சிவகங்கை. பெயர் வைத்தவர்கள் மலையகத்தை நினைத்து வைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பெயரைக் கேட்கும் மலையகத்தவர் ஒருவர், என் பாட்டன் அந்தப் பக்கத்து ஊர்க்காரன் என்று சொல்ல முடியும். 1914இல் கர்சனில் ஏறியவர் அப்படிச் சொல்லியிருக்க வழியே இல்லை.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்களோடு முடிக்கிறேன். வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே உட்காரவைத்துக் கேளுங்கள். எந்தத் துறையில் ஏறினார்கள், எந்தக் கப்பல், எந்த ஆண்டு, யாரோடு வந்தார்கள், யாரை வழியனுப்பினார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பழைய பெட்டிகளில் கிடக்கும் கடவுச்சீட்டு, கப்பல் டிக்கெட், மண்டபம் முகாமின் தாள் எதையும் கிழித்துப் போடாதீர்கள். ஆசிரியர்கள் இதை ஊவாப் பாடசாலைகளில் வரலாற்றுப் பாடத்தின் ஒரு பயிற்சியாக்க முடியும். மலையகத் தமிழரின் 200 ஆண்டுகளை ஒட்டி 2023 ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தார்கள். அந்த நடை தொடங்கிய கரையில் ஒரு கல் நட வேண்டும். ஆதிலட்சுமி, கர்சன், எல்ஜின், ஹார்டிங், இர்வின், கோஷன், இராமானுஜம் என்று தெரிந்த கலங்களின் பெயர்களெல்லாம் அதில் இருக்கட்டும். அவற்றோடு போட் மெயில், அழுகைக் கோச்சி என்று மக்கள் வைத்த பெயர்களும் அதே அளவு எழுத்தில் இருக்கட்டும். இராமேஸ்வரம்-தலைமன்னார் கப்பல் சேவையை மீண்டும் தொடங்க முயல்வதாக இந்தியாவும் இலங்கையும் 2023 ஜூலையில் கூட்டாக அறிவித்தன. அந்தப் பாதையில் வந்தவர்களும் அழுதுகொண்டு திரும்பிப் போனவர்களும் நம் மக்கள். அங்கே ஓடப்போகும் கப்பலுக்குப் பெயர் வைக்கும்போது மலையக மக்களையும் கேட்க வேண்டும் என்று இரு நாட்டு அரசுகளுக்கும் இப்போதே எழுதுங்கள். சங்கங்கள் எழுதட்டும், கோயில் பரிபாலன சபைகள் எழுதட்டும், பாடசாலைப் பிள்ளைகள் எழுதட்டும். ஏறப்போகிறவர்கள் நாம், பெயர் சொல்லும் உரிமையும் நமக்கு உண்டு.